பெரட்டுக்களத்தில் யோகராஜாவின் குரல்

"ஏம்புள்ள தவமணி, ஒங்காளுக்கு எந்தூர்ல சளி புடிச்சிருக்கு?" என்று ஒரு மார்கழிக் காலையில் கணக்கப்பிள்ளை மரியஅந்தோணி கேட்டார். கூடை மாட்டி நின்ற பெண்கள் எல்லோரும் சிரித்தார்கள். "லெபனானுங்க. கடக்காத்து சேரல போலருக்கு" என்றாள் தவமணி. யோகராஜா அந்தத் தேயிலை எஸ்டேட்டை விட்டுப் பட்டாளத்துக்குப் போய்ப் பல வருடங்கள் ஆகியிருந்தன. இருந்தாலும் விடிந்ததும், வேலைக்கு வந்த ஆட்களைப் பேர் சொல்லிக் கணக்கெடுக்கும் பெரட்டுக்களத்தில் அவன் பேரைக் கூப்பிட்டால், தவமணிக்கு வலப்பக்கம் ஓர் ஆள் நிற்கிற அளவு காலியாக இருக்கும் இடத்திலிருந்து "இருக்கேங்க" என்று அவன் குரல் வரும். அன்று அந்தக் குரலுக்கு மூக்கடைத்திருந்தது.

அரவேணுவுக்குக் கீழே இருந்த அந்த எஸ்டேட்டின் லயங்களில், அந்த வரிசை வீடுகளில், குடியிருந்தவர்கள் இலங்கையிலிருந்து கப்பலேறி வந்தவர்கள். அங்கே பிறந்து, அங்கேயே கொழுந்து பறித்து, ஒருநாள் நீங்கள் இந்த நாட்டுக்காரர்கள் இல்லை என்று பேர் வெட்டி அனுப்பப்பட்டவர்கள். அதனால் இங்கே வந்ததும் தங்களுக்குள் ஒரு வழக்கம் வைத்துக்கொண்டார்கள். பெரட்டில் கூப்பிடுகிற பேரை இனி எவரும் வெட்டக்கூடாது. வேண்டாமென்றால் பேருக்குரியவரே நேரில் வந்து நின்று சொல்ல வேண்டும். செத்துப்போனவர் பேரைக்கூட மறுநாள் ஒருமுறை கூப்பிடுவார்கள். பதில் வராது. அதோடு விட்டுவிடுவார்கள்.

யோகராஜா வெலிங்டன் பட்டாள முகாமில் ஆள் எடுப்பதை வேடிக்கை பார்க்கத்தான் போனான். நெஞ்சை அளந்தார்கள், ஓடச் சொன்னார்கள், நல்லாயிருக்கு என்று ரயிலில் ஏற்றிவிட்டார்கள். பேரை வெட்டச் சொல்ல அவனுக்கு நேரமில்லை. அத்தை மகள் தவமணியிடம், தை பிறந்ததும் அம்மாவைப் பெண் கேட்க அனுப்புகிறேன் என்று சொல்லியிருந்தான். அதைப் பற்றிப் பேசவும் நேரமில்லை. மறுநாள் மரியஅந்தோணி பழக்க தோஷத்தில் அவன் பேரைக் கூப்பிட்டார். பதில் வந்தது. யாரும் ஓடவில்லை. குரல் மட்டும் வேலைக்கு வந்தால் சம்பளம் கிடையாது என்று மேனேஜர் சொன்னதோடு அந்தப் பேச்சு முடிந்தது.

சியாச்சினில் அவன் இருந்த வருடம் குரலோடு பல் அடித்துக்கொள்ளும் சத்தமும் வந்தது. சித்திரை வெயிலிலும் அந்தக் காலி இடத்துப் புல் மட்டும் உறைபனியில் வெளுத்துக் கருகியது. பரீட்சை எழுதி ஆபீசரானதும் குரல் கனத்தது. காங்கோவுக்குப் போனபோது அதன் பின்னால் தவளைகள் கத்தின. கர்னல் ஆனபின் அந்தக் குரல் கேட்டால் பக்கத்திலிருந்தவர்கள் தங்களை அறியாமல் முதுகை நிமிர்த்தினார்கள். அவன் ஆபீசரான புதிதில், சோலூரில் கேரட் தோட்டம் வைத்திருந்த ஒரு குடும்பம் தவமணியைப் பெண் பார்க்க வந்தது. பெண் வேலைக்குப் போகும் அழகைப் பார்க்கலாம் என்று காலையிலேயே களத்துக்கு வந்தார்கள். குரல் வந்தது. "ஏனுங்க, பொண்ணு பக்கத்துல ஏற்கெனவே ஒருத்தர் நிக்கறாருங்களே" என்றாள் மாப்பிள்ளையின் அம்மா. அடுத்த பஸ்ஸுக்குப் போய்விட்டார்கள்.

யோகராஜா டேராடூனில் ஒரு பட்டாளக்காரரின் மகளைக் கட்டிக்கொண்டான் என்று அவன் அம்மா கருப்பம்மா வந்து சொல்லி அழுதாள். மறுநாளும் குரல் வந்தது, கொஞ்சம் தாழ்வாக. தவமணி இடம் மாறி நிற்கவில்லை.

கருப்பம்மா செத்தபோது அவன் ஜீப்பில் வந்தான். மறுநாள் வெள்ளைச் சட்டையோடு அந்தக் காலி இடத்திலேயே வந்து நின்றான். பேர் கூப்பிட்டதும் பதில் சொன்னான்; அன்று ஒரு நாள்தான் அந்தக் குரலுக்கு உடம்பு இருந்தது. "தொரை நேர்லயே வந்துட்டீங்க. வெட்டிரலாங்களா?" என்று கேட்டார் மரியஅந்தோணி. யோகராஜா தேயிலைச் செடிகளின்மேல் இறங்கிய பனிமூட்டத்தைப் பார்த்தான். "இருக்கட்டும்ணே" என்றான். அந்த ஒரு சொல்லை வைத்துக்கொண்டு தவமணி தலை நரைக்கும்வரை இருந்தாள்.

பிரிகேடியராகி, ஐ.நா. அமைதிப்படையில் தெற்கு சூடானுக்குப் போன இடத்தில் அவன் காய்ச்சலில் இறந்தான். லயத்து டிவியில் காட்டினார்கள். கொடி போர்த்தி, மரியாதைக்குத் துப்பாக்கி சுட்டு, டில்லியிலேயே எரித்தார்கள். மறுநாள் பெரட்டில் மரியஅந்தோணி அவன் பேரைத் தாண்டிப் போனார்.

"ஒரு பேர விட்டுட்டீங்க" என்றாள் தவமணி.

"நாளைக்குக் கூப்புடுறேன் புள்ள."

கூப்பிட்டு, பதில் வராவிட்டால், அதன்பிறகு கூப்பிட முடியாது. அவருக்கும் அது தெரியும், அவளுக்கும் தெரியும். அதனால் மறுநாளும் நாளைக்கு என்றார். அவளும் வற்புறுத்தவில்லை. காலி இடம் காலியாகவே இருந்தது. கொழுந்து துளிர்த்தது, பறித்தார்கள், மறுபடி துளிர்த்தது.

பிறகு ஒரு காலையில் வெலிங்டனிலிருந்து ஜீப் வந்தது. இறங்கியது யோகராஜாவின் மனைவி. சாம்பல் நிறச் சால்வை போர்த்தியிருந்தாள். அவள் இந்தியில் சொன்னதை டிரைவர் சந்துரு தமிழில் சொன்னான்.

"சாரு எந்த நாட்டுல இருந்தாலும், நடுத்தூக்கத்துல கூட, தெனமும் எந்திரிச்சு நின்னு தமிழ்ல ஒரே ஒரு வார்த்தை சொல்லுவாராம். இந்த அம்மா கேட்டா சிரிச்சுக்குவாராம். யாருக்குப் பதில் சொன்னாருன்னு தெரிஞ்சுக்கத்தான் வந்திருக்காங்க."

தவமணி வலப்பக்கத்தைக் காட்டினாள். "இங்கனதாங்க." அந்த அம்மாள் வந்து காலி இடத்துக்கு அந்தப் பக்கம் நின்றாள்.

"கூப்புடுங்க" என்றாள் தவமணி.

"வராட்டி என்னா பண்ணுவ?" என்றார் மரியஅந்தோணி மெல்ல.

"வராட்டி போகுது. இம்புட்டுத் தூரம் வந்திருக்காங்கல்ல."

அவர் கூப்பிட்டார். சவுக்கு மரங்களிலிருந்து நீர் சொட்டியது. ஃபேக்டரிப் பக்கம் யாரோ இருமினார்கள். தவமணி கூடையின் கயிற்றை இறுகப் பிடித்தாள்.

"இருக்கேங்க."

பின்னால் பனி இல்லை, கடல் இல்லை, தவளை இல்லை. கர்னலும் இல்லை, பிரிகேடியரும் இல்லை. மீசை அரும்புகிற வயசில், வெலிங்டனுக்கு வேடிக்கை பார்க்கப் போவதற்கு முந்தின நாள் அதே இடத்தில் நின்று சொன்ன மெல்லிய குரல். அந்த அம்மாளுக்கு அந்தச் சொல் தெரிந்திருந்தது. அந்தப் பையன் குரலை அவள் வாழ்நாளில் கேட்டதில்லை.

மரியஅந்தோணி அடுத்த பேரைக் கூப்பிட்டார். அந்த அம்மாள் காலி இடத்தைப் பார்த்தாள், பிறகு தவமணியின் நரைத்த தலையை வெகுநேரம் பார்த்தாள். சால்வையைத் தலைமேல் இழுத்துவிட்டுக்கொண்டு ஜீப்பை நோக்கி நடந்தாள்.