எந்தப் பக்கமுங்க

கண்ணுக்கு நேர் மேலே எஞ்சினின் இருண்ட வாய், புதுக் கிளட்ச் பிளேட்டை இரண்டு கையாலும் அதற்குள் தூக்கிப் பிடித்தபடி மல்லாந்து கிடக்கிறேன், புழுதி உதிர்ந்து கண்ணில் விழுகிறது, முன்பெல்லாம் இந்த லாரிக்கு அடியில் நானும் என் வீட்டுக்காரரும் படுப்போம், அவர் மாட்டுவார், நான் ஸ்பேனர் எடுத்துத் தருவேன், ஓசூர் மேட்டில் ஒருமுறை பகல் முழுக்க மழை, லாரிக்கு அடியில் மட்டும் நனையாத ஓர் அறை, வாய் ஓயாமல் பேசிக்கொண்டிருந்தவர் ஏம்புள்ள, இங்கயே குடித்தனம் வெச்சிக்கலாமா என்றார், நான் சிரித்த சிரிப்பில் ஸ்பேனர் நழுவி அவர் நெற்றியில் விழுந்தது, தழும்பு இன்னும் இருக்கிறது, பேச்சுத்தான் இல்லை, பதினோரு மாதம் முன்பு பக்கவாதம் அவருடைய வலது காலையும் பேச்சையும் ஒரே காலையில் எடுத்துக்கொண்டது, அன்றிலிருந்து ஸ்டியரிங் என் கையில், நாளைக்குத் தக்காளி லோடு, சங்ககிரி மெக்கானிக் நாலு நாள் ஆகும் என்கிறார், நானே இறங்கிவிட்டேன்.

வேப்பமரத்தடியில் சக்கர நாற்காலியில் அவர், இங்கிருந்து பார்த்தால் இரண்டு பாதங்கள் மட்டும், டங் டங் என்று டம்ளரால் கைப்பிடியில் தட்டுகிறார், பிளேட்டோடு தலையை நீட்டி ஏனுங்க, தண்ணி வேணுமுங்களா என்றேன், இல்லையென்று தலையாட்டினார், வெளிய போகணுமுங்களா, இல்லை, மறுபடி படுத்தேன், மறுபடி டங் டங், சித்த சும்மா இருக்க மாட்டீங்களா, நா ஒருத்தி என்னத்தத்தான் பாப்பேன் என்று கத்தினேன், தட்டல் நின்றது, பிளேட்டை அழுத்திப் பிடிக்கும் பிரஷர் பிளேட்டின் போல்டுகளை ஒவ்வொன்றாக முறுக்கினேன், ஜாக்கியில் கியர்பாக்ஸை ஏற்றி மாட்டி முடிக்கையில் தோள் இரண்டும் என்னுடையவை இல்லை, எஞ்சினை ஓடவிட்டுப் பெடலை மிதித்தால் கியர் விழாமல் கரகரவென்று பல் கடிக்கிறது, மூன்று தடவை, நாலு தடவை, எஞ்சினை நிறுத்தி ஸ்டியரிங்மேல் தலையைச் சாய்த்த பிறகுதான் உறைத்தது, நான் தலையை நீட்டியபோது அவர் பார்வை என் கையிலிருந்த பிளேட்டின்மேல்தான் இருந்தது, பக்கம் மாற்றி மாட்டிவிட்டேனோ.

எல்லாவற்றையும் திரும்பக் கழற்றினேன், அழுதுகொண்டேதான், பிளேட்டோடு போய் அவர் காலடியில் உட்கார்ந்து எந்தப் பக்கமுங்க என்றேன், முகத்தைத் திருப்பிக்கொண்டார், சரியாகக் கேட்டிருந்தால் தட்ட வேண்டியிருக்காதே, பதினோரு மாதமாகத் தண்ணியா, வெளிக்கா, இந்த இரண்டைத் தவிர நான் அவரிடம் என்ன கேட்டிருக்கிறேன், பிளேட்டை அவர் மடியில் வைத்துவிட்டு அவர் கையையே பார்த்திருந்தேன், இடதுகை மெல்ல அசைந்து அதைப் புரட்டியது, ஸ்பிரிங் துருத்திய பக்கத்தைத் தொட்டுத் தரையில் கிடந்த கியர்பாக்ஸைக் காட்டியது, அந்தப் பக்கம் அதைப் பார்க்க வேண்டுமாம், விரலெல்லாம் கரி, முந்தானையால் துடைக்கப் போனேன், என் கையைப் பிடித்துக்கொண்டார், சொல்லுங்க, நா கேக்கறேன் என்றேன், வாய் திறந்தது, ஏதோ ஒரு சத்தம், வார்த்தை இல்லை, எனக்கு ஒன்றும் புரியவில்லை, ம் என்றேன், அவர் விடாமல் இன்னொன்று சொன்னார், ம், போல்டுகள் மண்ணில் கிடக்கின்றன, கிடக்கட்டும், அவர் சொல்லிக்கொண்டே இருக்கிறார், நான் ம் கொட்டிக்கொண்டே இருக்கிறேன்.