சோமனூர் சப்ளையர்

டென்மார்க்கிலிருந்து அந்த மெயில் வந்தபோது தேவிப்பிரியாவுக்கு முதலில் சிரிப்புதான் வந்தது. அந்தச் சிரிப்பு மூன்றாவது பத்தி வரைக்கும்தான் தாங்கியது. இரண்டாயிரத்து எட்டாம் வருஷம். சென்னியப்பன் நிட்ஸ் தைத்து அனுப்பும் டீ-ஷர்ட்டை வாங்குகிற கம்பெனி, சட்டையைத் துருவியது போதாதென்று இப்போது கம்ப்யூட்டரைத் துருவ ஆரம்பித்திருந்தது. அட்டைப்பெட்டிக்கு பார்கோடு லேபிள் அடிக்கிற சாஃப்ட்வேரை யார் செய்தார்கள்? எங்கிருந்து எடுத்தீர்கள்? நடுவில் யாராவது கை வைத்தார்களா? வைக்கவில்லை என்று உங்களுக்கு எப்படித் தெரியும்? வெள்ளிக்கிழமை பெங்களூரிலிருந்து ஆடிட்டர் வருவாராம்.

அந்த சாஃப்ட்வேரைக் கொண்டுவந்தவளே அவள்தான். செக்கிங் டேபிளில் நின்று தைத்த பீஸில் குறை பார்த்துக்கொண்டிருந்த பெண், சாயங்கால வகுப்பில் கம்ப்யூட்டர் படித்து ஏசி அறைக்கு ஏறி வந்திருந்தாள். வந்த கையோடு, இன்டர்நெட்டில் சும்மாவே கிடைக்கும், உள்ளே எழுதியிருப்பதை யாரும் திறந்து பார்க்கலாம், தேவைப்பட்டால் மாற்றிக்கொள்ளலாம் என்று பேசிப் பேசி முதலாளி சென்னியப்பனைச் சம்மதிக்க வைத்தாள். ஒரு வருஷமாக லேபிள் பிசகாமல் விழுந்துகொண்டிருந்தது.

சென்னியப்பன் மெயிலைக் கேட்டு முடித்தார். "ஓசிச் சாமான்னு நீ சொன்னப்பவே யோசிச்சேன் அம்மிணி. வெள்ளிக்கெழமை பாஸ் ஆகலீன்னா சென்னை சாஃப்ட்வேர் கம்பெனிக்காரன்கிட்ட வாங்கிப் போட்டர்றேன். ஆளையும் அவனே குடுக்கறானாமா. நீ பழையபடி செக்கிங்குக்கே போய்க்க." கோபமே இல்லாமல் சொன்னார். திட்டியிருந்தால்கூடத் தேவலை என்றிருந்தது அவளுக்கு.

இந்த நேரத்தில்தான் கம்ப்ளையன்ஸ் மேனேஜர் இளங்கோ உள்ளே நுழைந்தார். பதினோரு ஆடிட் பார்த்தவர். தீயணைக்கும் வாளி எத்தனை, முதலுதவிப் பெட்டியில் பஞ்சு எத்தனை என்று தூக்கத்தில் கேட்டாலும் சொல்வார். மெயிலில் 'சப்ளை செயின்' என்ற வார்த்தையைக் கண்டதும் மனுஷனுக்கு முகமெல்லாம் பல்.

"இதுக்குப் போயி ஏம்மா இப்பிடி உக்காந்திருக்கற? நூலு எங்க, நிட்டிங் எங்க, சாயம் எங்க, அத்தனைக்கும் எங்கிட்ட ஃபார்மட் இருக்குது. வெளிய வேல செஞ்சு குடுத்த ஜாப் ஒர்க் யூனிட்டு பேர மட்டும் சொல்லு, எழுதிக்கறேன்."

சாஃப்ட்வேருக்கு ஏது ஜாப் ஒர்க் என்று சொல்ல வாயெடுத்தவள் அப்படியே நிறுத்தினாள். ஏன் இல்லை? மேலே தெரிகிற புரோகிராமை வெளிநாட்டுக்காரர்கள் பத்தொன்பது பேர் சேர்ந்து செய்திருந்தார்கள். அதற்குள்ளே வேறு யார் யாரோ செய்த ஆறு துண்டுகள் இருந்தன. இளங்கோவின் கணக்கில் ஆறு ஜாப் ஒர்க் யூனிட். ஐந்தின் பூர்வீகம் அரைநாளில் கிடைத்துவிட்டது. ஆறாவது, பார்கோடின் கடைசி இலக்கத்தைக் கணக்குப் போடும் துண்டு. அது பிசகினால் டென்மார்க்கில் மெஷின் பெட்டியைத் திருப்பித் தள்ளிவிடும். இணையத்தில் அதன் பக்கத்துக்குப் போய், அடியில் எழுதியவர் பெயரைப் பார்த்தவள் நாற்காலியை விட்டே எழுந்துவிட்டாள்.

"சார், ஞானாம்பாள், சோமனூருன்னு போட்டிருக்குதுங்க."

"எந்தச் சோமனூரு?"

"ஒலகத்துல எத்தனை சோமனூரு சார் இருக்குது?"

இளங்கோ வண்டிச் சாவியை எடுத்தார். கண்ணால் பார்க்காத யூனிட்டை அவர் பாஸ் பண்ணுவதில்லை.

சோமனூரில், எட்டுத் தறி ஓடுகிற கொட்டகைக்குப் பக்கத்து அறையில் கம்ப்யூட்டர் இருந்தது. ஞானாம்பாளுக்கு நாற்பது வயதிருக்கும். கணக்கில் பட்டம் வாங்கியவள். தறித்துணிக்கு பார்கோடு சீட்டு அடிக்க ஏழு வருஷத்துக்கு முன்பு எழுதியதை நாலு பேருக்கு உதவட்டுமே என்று இணையத்தில் போட்டு வைத்திருந்தாள். அறுந்த இழையை முடிந்துவிட்டு வந்து ஜெர்மனியிலிருந்து வந்த கேள்விக்குப் பதில் எழுதுவாள். எழுதிவிட்டு அடுத்த இழைக்குப் போவாள். பத்தொன்பது வெள்ளைக்காரர்கள் இவளை நம்பிக்கொண்டிருந்தது தேவிப்பிரியாவுக்குத் தலைகால் புரியாத சந்தோஷமாக இருந்தது.

தறிச் சத்தத்தில் பேசுவது காதில் விழவில்லை. இளங்கோ ஃபார்மட்டை விரித்துக்கொண்டு கத்த ஆரம்பித்தார். தீயணைப்பான் உண்டா? ஓவர்டைம் எவ்வளவு? சரியாக அந்த நொடியில் கரண்ட் போனது. எட்டுத் தறியும் ஒரே மூச்சில் நின்ற அமைதியில், "கக்கூசு எத்தனைங்க?" என்ற அவர் குரல் தெருவுக்கே கேட்டது.

"ஒண்ணுதானுங்க" என்றாள் ஞானாம்பாள் நிதானமாக. "அவசரமுங்களா?"

சிரித்து முடித்துத் தேவிப்பிரியா கண்ணைத் துடைத்துக்கொள்வதற்குள் யூபிஎஸ் பீப் பீப்பென்று அவசரப்படுத்தியது. அவள் தன் கேள்விகளைக் கேட்டாள். "உங்களைத் தவிர வேற ஆராச்சும் இதை மாத்த முடியுமாங்கக்கா?"

"பாஸ்வேர்டு எம்மண்டைக்குள்ள இருக்குது கண்ணு. ஊட்டுக்காரருக்கே சொன்னதில்ல."

கடைசியாக செக்சம். ஒவ்வொரு கோப்புக்கும் கணக்குப் போட்டால் முப்பத்திரண்டு எழுத்தும் எண்ணுமாக ஒரு வரிசை வரும். கோப்பில் ஒரு புள்ளி மாறினாலும் அந்த வரிசையே மாறிவிடும். சட்டை வாங்குகிற கம்பெனியிடம் ஒப்புதல் வாங்கிப் பூட்டி வைக்கும் சீல் சாம்பிள் மாதிரிதான் என்று இளங்கோவுக்குச் சொன்னதும் புரிந்துவிட்டது. கம்பெனி கோப்பின் வரிசையைத் தேவிப்பிரியா ஒரு சீட்டில் எழுதி வந்திருந்தாள். ஞானாம்பாள் தன்னுடையதை வாசிக்க, இளங்கோ சீட்டைப் பார்த்து ஒத்துப் பார்த்தார்.

முதல் எழுத்தே ஒத்துப்போகவில்லை. இரண்டாவதும் மூன்றாவதும் இல்லை.

"விடு, டாலரன்ஸ்ல போட்டுக்கலாம்" என்றார் இளங்கோ. "சட்டைக்கே அரை இன்ச்சு கூடக் கொறைய விடறாங்க."

"இதுல டாலரன்ஸே கெடையாதுங்க சார்." தேவிப்பிரியா சீட்டைத் திரும்ப வாங்கிப் பார்த்தாள். எவனோ புகுந்திருக்கிறான். ஒரு வருஷமாக அனுப்பிய பெட்டியெல்லாம் அவன் கை பட்ட கோப்பிலிருந்து லேபிள் வாங்கிப் போனவை. வெள்ளிக்கிழமை கதை முடிந்தது.

ஞானாம்பாள் அலட்டிக்கொள்ளவில்லை. பென் டிரைவில் கொண்டுவந்த கோப்பையும் தன்னுடையதையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து வரி வரியாக ஓட்டினாள். அறுநூற்றுச் சொச்சம் வரியில் ஒரே ஒரு வரிதான் வேறு. 'எழுதியவர்: ஞானாம்பாள், சோமனூர்' என்று இருக்க வேண்டிய இடத்தில், 'எழுதியவர்: சென்னியப்பன் நிட்ஸ், திருப்பூர்' என்று இருந்தது.

தேவிப்பிரியா மெல்லத் திரும்பி இளங்கோவைப் பார்த்தாள். அவர் தீயணைப்பான் இல்லாத சுவரை ரொம்ப அக்கறையாகப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"மொதலாளி சொன்னாருன்னு நாந்தான் பிரபாகரைக் கூட்டியாந்தேன்" என்றார் கடைசியில். பிரபாகர் பிரிண்டர் ரிப்பேருக்கு வருகிறவன். "நீ லீவுல இருந்த அன்னைக்கு. பேரு மட்டும்தாம்மா மாத்துனான்."

"ஆரு வேணா எடுத்துக்கலாம், மாத்திக்கலாமுங்க" என்றாள் ஞானாம்பாள். "பேர மட்டும் எடுக்கக் கூடாதுன்னு ஒரே ஒரு நிபந்தனை போட்டிருக்கறேன்." கோப்பை மூடிவிட்டு, "சரி, பேரு கெடக்குது. கோடு சுத்தமா விழுகுதா கண்ணு?" என்று கேட்டாள்.

திரும்பும் வழியெல்லாம் இளங்கோ ஓதினார். நல்ல கோப்பை இறக்கிப் போட்டுவிட்டு, 'யாரும் கை வைக்கவில்லை' என்று எழுதினால் வேலை முடிந்தது, எவனுக்குத் தெரியப்போகிறது? தேவிப்பிரியாவுக்கும் ஆசைதான். ஆனால் செக்கிங்கில் நின்ற காலத்தில் ஓட்டையைப் பார்த்துவிட்டு ஸ்டிக்கர் ஒட்டாமல் ஒரு பீஸைக்கூட அவள் தள்ளிவிட்டதில்லை. அந்த வரி இருந்த பக்கத்தைப் பிரிண்ட் எடுத்தாள். செக்கிங்கிலிருந்து ஒரு சிவப்பு அம்பு ஸ்டிக்கர் வாங்கி அந்த வரியில் ஒட்டினாள். ஒட்டியதைக் கொண்டுபோய் சென்னியப்பன் மேஜையில் வைத்தாள். 

"கை வெச்சது ஆரு?" என்றார் அவர், படித்துவிட்டு.

"நீங்கதானுங்க."

 சென்னியப்பன் தன் உள்ளங்கையைப் பார்த்துக்கொண்டு பேசினார். "முப்பது வருசம் அம்மிணி. கோடிக்கணக்குல சட்டை. எல்லாத்துக்கும் கழுத்துல வேற எவனோ பேரு. கம்ப்யூட்டர்லயாவது ஒரு தடவை நம்ம பேரு இருக்கட்டுமேன்னு தோணுச்சு. அங்க ஆரு பேரு இருந்துச்சுன்னுகூட நான் கேக்கல." தலையை நிமிர்த்தினார். "அந்தம்மா என்ன சொல்லுச்சு?"

"கோடு சுத்தமா விழுகுதான்னு கேட்டாங்க."

சென்னியப்பனுக்கு முகம் செத்துப்போனது. டென்மார்க்குக்கு ஒவ்வொரு லோடு போய்ச் சேர்ந்ததும் போன் போட வைத்து, தையல் நன்றாக இருக்கிறதா என்று அவர் கேட்கச் சொல்வது ஆபீஸில் எல்லோருக்கும் தெரியும்.

வெள்ளிக்கிழமை காலையில் ஞானாம்பாளைக் கூட்டிவரச் சோமனூருக்குக் கார் போனது. திருப்பூர் ஆபீஸில், ஆடிட்டர் அம்மாவுக்கு எதிரில் ஞானாம்பாள் உட்கார்ந்திருந்தாள். நல்ல கோப்பை இறக்கி, முப்பத்திரண்டு எழுத்தும் ஒத்துப்போவதை இளங்கோவே வாசித்துக் காட்டினார். அத்தோடு விட்டிருக்கலாம். சென்னியப்பன் விடவில்லை. ஆடிட்டருக்குத் தமிழ் தெரியாது. தேவிப்பிரியா இங்கிலீஷில் சொல்ல வேண்டும்.

"சொல்லு அம்மிணி. டென்மார்க்குக்காரங்க எங்க சட்டையில அவங்க பேரப் போடறது எங்களக் கேட்டுட்டு, காசு குடுத்துட்டு. நான் இந்தம்மாவக் கேக்காமயே அவங்க பேரப் பிரிச்சு எடுத்துட்டேன். தப்பு என்னுதுன்னு எழுதிக்கச் சொல்லு."

தேவிப்பிரியா தயங்கினாள்.

"ஒரு வார்த்தை கொறைக்காத" என்றார்.

குறைக்காமல் சொன்னாள். ஆடிட்டர் அம்மா பேனாவை வைத்துவிட்டுச் சென்னியப்பனை ஒரு நிமிஷம் பார்த்தார். பிறகு எடுத்து, தப்பையும் அதைத் திருத்தியதையும் விரிவாக எழுதினார். இதைக் கண்டுபிடித்தது யார் என்று கேட்டார். தேவிப்பிரியா அதை மட்டும் மொழிபெயர்க்காமல் வாயை மூடிக்கொண்டிருந்தாள். கேள்வி புரியாவிட்டாலும் யாரைப் பற்றியது என்று புரிந்ததோ என்னவோ, சென்னியப்பன் அவளைக் கை காட்டினார்.

"பாஸ்" என்றார் ஆடிட்டர். அந்த ஒரு வார்த்தைக்கு யாரும் மொழிபெயர்ப்பு கேட்கவில்லை. சென்னியப்பன் எழுந்து ஞானாம்பாளைப் பார்த்துக் கை கூப்பினார். பிறகு தேவிப்பிரியா பக்கம் திரும்பினார்.

"இனிமே இதுல நான் கை வெச்சாலும் விட்டுராத."

"விடமாட்டனுங்க" என்றாள் அவள்.