ஒலிபெருக்கியில் கேட்ட சிரிப்பு

பேருந்து நிலையத்தின் அறிவிப்பு அறையில் அமர்ந்திருப்பவரை எல்லோரும் ‘வெண்கலம்’ என்றே அழைத்தனர். குரல் அப்படி. எந்த அறிவிப்பையும் இருமுறை சொல்லவேண்டும் என்பது அவரே வகுத்துக்கொண்ட விதி. ஒருமுறை சொன்னால் பாதிப்பேருக்குச் சத்தந்தான் கேட்கும் என்பார்.

அந்தக் குரல் சில மாதங்களாகக் குழறிற்று. நரம்பு மருத்துவர் அதற்கு ஏ.எல்.எஸ். என்று பெயர் சொன்னார். தசைகளை ஏவும் நரம்புகள் ஒவ்வொன்றாக மடியும்; ஏவுவாரற்ற தசைகள் மெலியும்; அறிவோ பெரும்பாலும் தெளிவாகவே இருக்கும். நோயை நிறுத்த மருந்து இல்லை. காரணமின்றிச் சிரிப்போ அழுகையோ பீறிட்டு வரலாம் என்றும் எச்சரித்திருந்தார்.

“ஆபீஸ்ல சொல்லிடுங்களேன்” என்று மனைவி கெஞ்சினாள்.

“சொன்னா மைக்கைப் புடுங்கிடுவாங்க. நாக்கு புரளுற வரைக்கும் பேசிட்டுப் போறேனே!”

பக்கத்து இருக்கை நேரக் காப்பாளனுக்கும் ஒன்றும் தெரியாது. “என்னண்ணே, நாக்கு இன்னும் தூங்கி எந்திரிக்கலையா?” என்று கேலி செய்வான். இவரும் சிரித்து மழுப்புவார்.

ஒரு முற்பகலில், கூட்டம் நெரிந்த வேளை, ஒரு தாய் அறைக்குள் ஓடிவந்தாள். “சின்னப் பொண்ணு சார், மஞ்சக் கவுனு போட்டிருக்கா. டிக்கெட் எடுக்கக் கையை விட்டேன், காணோம்!”

விரல்களில் வலுவில்லாததால் அவர் மணிக்கட்டால் பொத்தானை அழுத்தினார். “மஞ்சள் கவுன் அணிந்த...” என்பதுவரை வந்தது. பிறகு சிரிப்பு வந்தது. வயிறு குலுங்கும் சிரிப்பு. நிலையம் முழுவதும் அது முழங்கிற்று. கண்களில் மட்டும் அச்சம்.

“எம் பிள்ளையக் காணோம்னு சொல்றேன், உனக்கு இளிப்பா?” தாய் அவர் சட்டையைப் பற்றினாள்.

நேரக் காப்பாளன் மைக்கை இழுத்து அறிவிப்பை முடித்தான். மேலாளர் விரைந்து வந்தார். வந்ததும் முகர்ந்து பார்த்தார். நா குழறுகிறவன் குடித்திருக்கிறான்! அதற்கப்பால் சிந்திக்கும் சிரமத்தை நம்மில் எவர்தான் எடுத்துக்கொள்கிறார்?

“ஊதுய்யா!”

ஊதினார். மூச்சும் தளர்ந்தே வந்தது. வாடையில்லை.

“அப்போ போதை மாத்திரையா? பட்டப்பகல்ல, டூட்டில!” மேலாளர் கேள்வியை மாற்றினாரே தவிர முடிவை மாற்றவில்லை. “இன்னியோட நீ சஸ்பெண்ட்.”

அதற்குள் நடத்துநர் ஒருவர் குழந்தையைத் தூக்கி வந்தார். வாரி அணைத்துக்கொண்ட பின்னும் தாயின் மறுகை சட்டையை விடவில்லை.

“எனக்கு... வியாதி...” என்று தொடங்கினார் வெண்கலம். மீண்டும் சிரிப்பு.

“பாருங்க சார், இப்பவும் கொழுப்பை!”

குடிகாரன் என்ற பெயரோடு வெளியேற அவர் ஒப்பவில்லை. வலப்பக்கச் சட்டைக் கையை இடக்கையால் தட்டுத்தடுமாறி மேலேற்றினார். புயம் வற்றியிருந்தது. தேங்கிய நீரில் தூறல் விழுவதுபோல, தோலுக்கடியில் தசை இங்குமங்குமாகத் துடித்தது.

தாயின் பிடி தளர்ந்தது. “ஐயோ, என்னங்க இது? தானா ஆடுது?”

குழந்தை விரலை நீட்டித் தொட்டுப் பார்த்தது. சிரிப்பு அடங்கும்வரை காத்திருந்து, அவர் நோயின் பெயரைச் சொன்னார். இருமுறை சொன்னார்.

மேலாளரின் குரல் இறங்கிற்று. “முன்னாடியே சொல்லக்கூடாதாய்யா? சரி, சஸ்பெண்ட் எல்லாம் இல்ல. உள்ள வேற வேலை பார்த்துத் தரேன். மைக் மட்டும் இனிமே வேணாம்.”

நம்பிவிட்டார்கள். நம்பியதனாலேயே மைக்கை எடுத்துக்கொண்டார்கள்.

அடுத்த பேருந்து புறப்பட இருந்தது. நேரக் காப்பாளன் அந்த நாற்காலியின் நுனியில் அமர்ந்து, ஒருமுறை அறிவித்துவிட்டுப் பொத்தானிலிருந்து கையை எடுத்தான். அருகில் நின்றிருந்த வெண்கலம் இரண்டு விரல்களை உயர்த்திக் காட்ட முயன்றார். ஒன்றுதான் நிமிர்ந்தது.

அவன் அதையே சற்றுநேரம் பார்த்தான்.

“சரிண்ணே, இன்னொரு தடவை” என்று பொத்தானை மறுபடியும் அழுத்தினான்.