குளியலறைக் கதவுக்கு ஒரு கைப்பிடி

குளியலறைக் கதவின் கைப்பிடி உடைந்தபோது, அதை மறுநாளே மாற்றிவிடுவதாகக் கணவர் வாக்களித்தார். அவர் மருந்துக்கடை நடத்துபவர். மறுநாள் என்ற சொல்லைக் கடைக்கு வருவோரிடமும் மனைவியிடமும் அவர் ஒரே தாராளத்துடன் வழங்கி வந்தார். ஆகவே கைப்பிடி இருந்த துளையில் ஒரு சணல் கயிறு வந்து குடியேறியது. உள்ளே செல்பவர் அக்கயிற்றை ஒரு கையால் இழுத்துப் பிடித்தபடியே தம் கடமைகளை எல்லாம் முடித்துக்கொள்ள வேண்டியிருந்தது.

அவ்வீட்டில் வசித்தோர் மூவர். மருந்துக்கடைக்காரர் ஒருவர். முன்னறையில் தையல் இயந்திரம் போட்டு அக்கம்பக்கத்தாருக்கு உடைகள் தைத்துக் கொடுக்கும் அவருடைய மனைவி இரண்டாமவர். மூன்றாமவர் கணவரின் மூத்த சகோதரி. பெரிய மருத்துவமனை ஒன்றில் தீக்காயப் பிரிவின் தலைமைச் செவிலியாக இருந்து ஓய்வு பெற்றவர். வீடு அவர் பெயரில் இருந்தது. பால் பொங்குவதைக்கூட, குற்றவாளியைப் பார்க்கும் காவலரைப் போலத்தான் அவர் பார்ப்பார்.

கயிற்றோடு மல்லுக்கட்டிச் சலித்துப்போன தையற்காரி, கைப்பிடியைத் தானே சரி செய்யும் வழியைக் கைப்பேசியில் தேடினாள். கைப்பேசியோ, யாரோ ஒரு மனிதன் தன் வீட்டுக் கொல்லையில் அலுமினியத்தை உருக்கி அச்சில் ஊற்றுவதைக் காட்டியது. அவன் பேசிய மொழி அவளுக்கு விளங்கவில்லை. எனவே ஒலியை நிறுத்திவிட்டு அவனுடைய கைகளை மட்டும் பார்த்தாள். வெள்ளிக் கம்பி போல ஒழுகிய உலோகம் மணலுக்குள் மறைந்தது. சற்று நேரம் கழித்து அவன் மணலைத் தட்டி உதிர்த்தான். உள்ளே ஒரு பொருள் இருந்தது. அன்று தைத்துத் தர வேண்டிய மூன்று சட்டைகள் அப்படியே கிடந்தன.

அடுத்து வந்த வாரங்களில் கொல்லைப்புறத்தில் ஓர் அடுப்பு உருவாயிற்று. பழைய பெயிண்ட் டப்பா ஒன்றின் உட்புறத்தில் மணலும் பிளாஸ்டர் மாவும் குழைத்துக் கனமாகப் பூசி, நன்கு உலர வைத்தாள். அடியில் ஒரு துளையிட்டு இரும்புக் குழாயைச் செருகினாள். கரியை மூட்டி, குழாய் வழியாகக் காற்றைச் செலுத்தினால் தீ வெள்ளையாகச் சீறும். அலுமினியத்தை வைத்து உருக்கத் தடித்த எஃகுக் குவளை ஒன்று. அதைத் தூக்க, பற்றவைப்புப் பட்டறையில் சொல்லிச் செய்த நீண்ட இடுக்கி ஒன்று.

"என் ஹேர் டிரையர் எங்க போச்சு?" என்று ஒரு நாள் நாத்தனார் வீடு முழுவதும் தேடினார்.

"அது இப்ப அடுப்புல வேலை பாக்குது, அண்ணி."

"என்ன வேலை?"

"காத்து ஊதற வேலை. உங்க தலைக்கு ஊதினதவிட இங்க நல்லாவே ஊதுது."

நாத்தனார் கொல்லைக்கு வந்து அடுப்பைச் சுற்றி ஒருமுறை நடந்தார். "இதெல்லாம் ஆம்பளைங்களே அடிபட்டு வந்து படுக்கற வேலை. உனக்கு ஏன் இந்த வேண்டாத வேலை?" என்றார். தையற்காரி அதைக் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

முதல் வார்ப்பு தோல்வியில் முடிந்ததற்கு ஒரு காரணம் உண்டு. அத்தகைய பிழையைத் தையல் தொழில் செய்பவர் ஒருவரால்தான் செய்ய முடியும். மரத்தில் செதுக்கிய கைப்பிடியின் மேல் முகப்பவுடர் தூவி, களிமண் தூள் கலந்த ஈர மணலை இரண்டு மரச்சட்டங்களில் இறுக்கி, நடுவே மரக்கைப்பிடியின் வடிவம் பதிந்ததும் அதை வெளியே எடுத்து, அவள் அச்சு தயாரித்திருந்தாள். அதுவரை எல்லாம் முறைப்படியே நடந்தது. ஆனால் ஊற்றுவதற்குச் சற்று முன், மணல் மேலாக உலர்ந்திருப்பது போல அவள் கண்ணுக்குப் பட்டது. இஸ்திரி போடுவதற்கு முன் துணியின் மேல் நீர் தெளித்துத் தெளித்துப் பழகிய கை அது. யாரையும் கேளாமல் அது பக்கத்திலிருந்த கிண்ணத்துக்குள் போயிற்று. விரல்களால் நாலு முறை சுண்டித் தெளித்தாள்.

உருகிய உலோகம் உள்ளே இறங்கியதும் அந்நீர் ஆவியாகிப் போக்கிடமின்றி வெடித்தது. அச்சு தும்மியது போல ஒரு சத்தம். வெள்ளித் துளிகள் கொல்லை முழுவதும் தெறித்தன. தையற்காரி முகக்கவசமும் தோல் கையுறையும் அணிந்திருந்ததால் தப்பினாள். கொடியில் காய்ந்துகொண்டிருந்த நாத்தனாரின் படுக்கை விரிப்பு தப்பவில்லை.

நாத்தனார் அந்த விரிப்பைக் கூடத்துக்குக் கொண்டுவந்தார். கத்தவில்லை. கருகிய துளை ஒன்றில் ஆள்காட்டி விரலை விட்டு, மறுபக்கம் அதை ஆட்டிக் காட்டினார்.

"இது துணி. இதே உன் கண்ணா இருந்திருந்தா?"

கணவர் இருவருக்கும் நடுவில் நின்று கையைப் பிசைந்தார். "அக்கா, அவ ஏதோ ஆசைப்பட்டு…"

"நீ ஒரு கைப்பிடிய ஒழுங்கா வாங்கிப் போட்டிருந்தா இவளுக்கு ஆசையே வந்திருக்காது. நீ வாய மூடு." பிறகு அவர் தையற்காரியின் பக்கம் திரும்பினார். "வர்ற ஞாயித்துக்கிழமை, என் கண்ணு முன்னாடி, ஒரே ஒரு தடவ. கைப்பிடி முழுசா வந்தா அடுப்ப வச்சுக்க. வரலைன்னா அன்னிக்கே உடைச்சு வெளிய போடணும். அப்புறம் இந்த வீட்டுல அந்தப் பேச்சே எடுக்கக் கூடாது."

தையற்காரி ஒன்றும் சொல்லவில்லை. அம்மௌனத்தைச் சம்மதம் என்று நாத்தனார் எடுத்துக்கொண்டார். அது அவர் செய்த பிழை.

அந்த ஒரு வாரத்தில் தையற்காரி தான் ஒலியை நிறுத்திப் பார்த்தவற்றை எல்லாம், இம்முறை தனக்குப் புரியும் மொழியில் பேசுவோரைத் தேடிப் பிடித்து மீண்டும் கேட்டாள். மணல் எவ்வளவு ஈரமாக இருக்க வேண்டும் என்பதை அறிந்துகொண்டாள். ஒரு பிடி எடுத்து அழுத்தினால் விரல்களின் தடம் பதிய வேண்டும். உடைத்தால் இரண்டாகச் சுத்தமாக உடைய வேண்டும். உள்ளங்கையில் ஈரம் ஒட்டக் கூடாது. உருகிய உலோகம் சிமெண்டுத் தரையில் விழுந்தாலும் தரை வெடிக்கும் என்பதையும் கேட்டறிந்து, அடுப்பைச் சுற்றிலும் உலர்ந்த மணலைக் கனமாகப் பரப்பினாள். கிண்ணத்தைக் கொல்லையை விட்டே அப்புறப்படுத்தினாள்.

ஞாயிற்றுக்கிழமை காலை, நாத்தனார் ஒரு நாற்காலியையும் ஒரு வாளி தண்ணீரையும் கொண்டுவந்து கொல்லையின் தண்ணீர்க் குழாயடியில் அமர்ந்தார்.

"அண்ணி, தண்ணி வேண்டாம். உள்ள கொண்டு வச்சிருங்க."

"தண்ணி இல்லாம எவளாவது தீப்பக்கம் நிப்பாளா? நீ உன் வேலையப் பாரு."

"இந்தத் தீக்குத் தண்ணி ஆகாது. மண்ணுதான் ஆகும்."

"எனக்கே தீயப் பத்திப் பாடம் எடுக்கறியா?"

வாளி நகரவில்லை. கணவருக்கு ஹேர் டிரையரின் சுவிட்சைப் பார்த்துக்கொள்ளும் பொறுப்பு தரப்பட்டிருந்தது. அதை ஓர் அறுவை சிகிச்சைக்கு உதவுபவரின் முகபாவத்தோடு அவர் ஏற்றுக்கொண்டிருந்தார்.

கரி சிவந்து, பின்னர் வெளுத்தது. குவளையில் இட்டிருந்த பழைய குக்கர் மூடியின் துண்டுகளும் ஜன்னல் சட்டத்தின் துண்டுகளும் முதலில் பிடிவாதமாக நின்றன. பிறகு அவை ஒன்றன்மேல் ஒன்று சரிந்து, தம் பழைய உருவத்தை மறந்து, கண்ணாடி போன்ற ஒரு குளமாயின. மேலே படர்ந்த கசடைத் தையற்காரி இரும்புக் கரண்டியால் வழித்தெடுத்தாள். இடுக்கியால் குவளையைப் பற்றித் தூக்கினாள்.

"நிறுத்தவா?" என்றார் கணவர்.

"நிறுத்துங்க."

அச்சின் வாயருகே குவளையைச் சாய்த்தாள். பாதி ஊற்றியிருப்பாள். இடுக்கியின் ஒரு தாடை வழுக்கியது. குவளை ஒரு பக்கமாகத் திரும்பி, ஒரு கை அளவு உலோகம் வெளியே சிந்தியது. அது உலர்ந்த மணலின்மேல் பாதரசம் போல ஓடி, சற்றுத் தள்ளி வைத்திருந்த கரிச் சாக்கின் அடியில் போய் நின்றது. சாக்கு பற்றிக்கொண்டது.

நாத்தனார் எழுந்த வேகத்தில் நாற்காலி பின்னால் விழுந்தது. ஓய்வு பெற்ற உடம்பு என்று யாரும் சொல்ல முடியாது. வாளியைத் தூக்கிக்கொண்டு ஓடி வந்தார். சாக்கின் அடியில் கிடந்த உலோகம் இன்னும் உறையவில்லை. அதன்மேல் அந்தத் தண்ணீர் விழுந்தால் படுக்கை விரிப்புக்கு நேர்ந்தது நாத்தனாரின் முகத்துக்கு நேரும்.

"அண்ணி! வாளியக் கீழ வைங்க! ஒரு அடி எடுத்து வைக்கக் கூடாது!"

மணமாகி வந்த நாளிலிருந்து அவள் நாத்தனாரிடம் குரல் உயர்த்தியதில்லை. அதட்டியதோ கனவிலும் இல்லை. நாத்தனாரின் கால்கள், மூளையைக் கேளாமலேயே நின்றுவிட்டன. வாளி தரையைத் தொட்டது. தண்ணீர் தளும்பி அவருடைய பாதங்களின் மேல் வழிந்தது.

"ஏங்க, மண்வெட்டி! மணல அள்ளிச் சாக்கு மேல போடுங்க. தண்ணிப் பக்கம் போகாதீங்க!"

கணவர் அன்று முதல்முறையாக ஒரு வேலையை மறுநாளைக்குத் தள்ளவில்லை. அள்ளி அள்ளிப் போட்டார். சாக்கு புகைந்து அடங்கிற்று. அதற்குள் தையற்காரி குவளையைச் சரியாகப் பற்றி, எஞ்சியதை அச்சுக்குள் ஊற்றி முடித்திருந்தாள்.

உலோகம் ஆறும் வரை காத்திருந்தார்கள். பிறகு அவள் சட்டங்களைப் பிரித்து மணலை உதிர்த்தாள். கைப்பிடி வெளிவந்தது. பிடிக்கும் வளைவு அழகாக விழுந்திருந்தது. மரத்தில் அவள் செதுக்கியிருந்த கோடுகள்கூட அப்படியே பதிந்திருந்தன. கதவில் பொருத்த வேண்டிய இரு கால்களில் ஒன்று முழுமையாக இருந்தது. மற்றொரு கால் பாதியிலேயே நின்றுவிட்டது. சிந்திப்போன உலோகம் அந்தக் காலுக்கு உரியது.

"பரவால்லையே. கதவ ஒரு பக்கம் மட்டும் திறந்தாப் போதாதா?" என்றார் கணவர். யாரும் சிரிக்கவில்லை.

நாத்தனார் கைப்பிடியை இடுக்கியோடு வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார். அவருடைய முகத்தில் இன்னும் இரத்தம் திரும்பியிருக்கவில்லை. "முழுசா வரல. நான் சொன்னது சொன்னதுதான். உடை."

"மாட்டேன்."

"என்னது?"

"அடுப்ப உடைக்க மாட்டேன், அண்ணி. நிபந்தனை போட்டது நீங்க. சரின்னு நான் ஒரு வார்த்த சொன்னேனா? வீடு உங்களுது. போன்னு சொன்னா இத என் தலைல தூக்கிட்டுப் போயிடறேன். உடைன்னு மட்டும் சொல்லாதீங்க."

"அக்கா…" என்று தொடங்கிய கணவரை இரண்டு பெண்களும் ஒரே சமயத்தில் பார்த்தார்கள். அவர் மண்வெட்டியைச் சுவரோரம் சாத்தி வைக்கப் போய்விட்டார்.

"அப்படி என்ன கொட்டிக் கிடக்கு இதுல? ஒரு கைப்பிடி. கடைல கிடைக்காததா?"

தையற்காரி கையுறைகளைக் கழற்றினாள். "நான் கத்திரி பிடிக்கறவ, அண்ணி. ஊரான் வீட்டுத் துணி. வெட்டறதுக்கு முன்னாடி ஒவ்வொரு தடவையும் மூச்சப் பிடிச்சுக்குவேன். விரல் அகலம் தப்பினாலும் போனது போனதுதான். ஒட்ட வைக்க முடியாது. மன்னிப்பு கேக்கலாம், துணி திரும்ப வராது. என் வயசு பூரா அந்தப் பயத்துலயே ஓடிப்போச்சு. இதப் பாருங்க." அவள் ஒற்றைக்கால் கைப்பிடியைச் சுட்டிக் காட்டினாள். "தப்பாத்தான் வந்திருக்கு. அதனால என்ன? குவளைல போட்டா மறுபடி தண்ணியாயிடும். நூறு தடவ கோணலா வந்தாலும் ஒரு துண்டு வீணாகாது. தப்பு பண்ண விடற வேலை ஒண்ணு இப்பதான் எனக்குக் கிடைச்சிருக்கு. அத யார் சொன்னாலும் விடறதா இல்ல."

"உலோகம் திரும்ப உருகும். கண்ணு திரும்ப முளைக்குமா? தோல் முளைக்குமா?" நாத்தனாரின் குரல் முதல்முறையாக உடைந்தது. "நீ வீடியோல பாத்தவ. நான் கட்டுப் பிரிச்சவ. எனக்குத் தெரியும் அந்த நாத்தம்."

நாத்தனார் கூறியது உண்மை. எனினும் உண்மையைக் கேட்டவுடன் அடங்கிப்போக வேண்டும் என்ற சட்டம் எதுவும் இல்லை.

"முளைக்காது. அதுக்குத்தான் முகத்துக்கு மறைப்பு, கைக்கு உறை, காலுக்கு ஷூ. வேற எது தப்புன்னு சொல்லுங்க. திருத்திக்கறேன். நிறுத்துன்னு சொன்னா மட்டும் கேக்க மாட்டேன்."

நாத்தனார் நெடுநேரம் அவளை மேலிருந்து கீழ்வரை பார்த்தார். நோயாளியைச் சேர்க்கும்போது பார்க்கும் பார்வை அது. அப்பார்வை காலடியில் வந்து நின்றது. தையற்காரி, தொழிலின் வழக்கப்படி, கால்சட்டையின் ஓரங்களை மடித்து நேர்த்தியாக ஷூவுக்குள் செருகியிருந்தாள்.

"அறிவிருக்கா உனக்கு? காலைச் சுத்திப் புனல் மாதிரி வச்சிருக்க. ஒரு துளி விழுந்தா நேரா ஷூவுக்குள்ள போய் உக்காரும். கழட்டறதுக்குள்ள பாதம் வெந்துடும். எத்தனை பேருக்குக் கட்டுப் போட்டிருக்கேன் தெரியுமா? வெளிய எடு. ஷூவுக்கு மேல தொங்கட்டும்."

தையற்காரி குனிந்து, கால்சட்டையை வெளியே இழுத்துவிட்டாள்.

"நான் சம்மதிச்சுட்டேன்னு நினைச்சுக்காத."

"நான் சம்மதம் கேக்கவே இல்லையே, அண்ணி."

நாத்தனார் விழுந்து கிடந்த நாற்காலியை நிமிர்த்தி, அடுப்பிலிருந்து தள்ளி, ஆனால் கொல்லைக்குள்ளேயே போட்டுக்கொண்டு, முகத்தை மட்டும் வேறு பக்கமாகத் திருப்பி உட்கார்ந்தார். கணவர் யாரும் சொல்லாமலே வாளியை உள்ளே எடுத்துச் சென்றார். தையற்காரி கையுறைகளை மாட்டிக்கொண்டு, தணிந்திருந்த நெருப்பில் புதுக்கரியை அடுக்கி, ஹேர் டிரையரை மீண்டும் ஓடவிட்டாள். தீ மறுபடியும் வெளுத்தபோது ஒற்றைக்கால் கைப்பிடியைக் குவளைக்குள் இறக்கினாள். அது சற்று நேரம் விளிம்பில் சாய்ந்து நின்றது. பிறகு அதன் வளைவு மெல்ல நெகிழ்ந்தது.