திரையில் ஆடிய புள்ளி

கிரகோரி அந்தப் பின்பால் விளையாட்டுப் பெட்டியைச் செய்யத் தொடங்கி ஒரு வருஷம் ஆகியிருந்தது. செனாய் ஊரில் ஒரு பிளாஸ்டிக் தொழிற்சாலையில் இயந்திரம் பழுதுபார்க்கும் பிரிவில் அவனுக்கு வேலை. கைக்குக் கிடைப்பது சனி, ஞாயிறு மட்டும்தான். அதிலும் ஞாயிறு காலை கோயிலுக்குப் போய்விடும். மிச்ச நேரத்தில் பலகையை அறுத்து, தேய்த்து, கறுப்புச் சாயம் பூசி, இடுப்பளவு உயரத்தில் நாலு கால் வைத்த பெட்டியாக அதை ஆக்கிவிட்டான். இரும்புக் குண்டு உருளும் நிஜப் பின்பால் இல்லை அது. மேலே பழைய டிவி ஒன்று மல்லாந்து கிடந்தது, உள்ளே ஒரு கம்ப்யூட்டர். குண்டு, அதைத் தட்டும் மட்டைகள், பள்ளம், மணி எல்லாம் திரைக்குள்தான். ஆனால் ஆடுகிறவன் அழுத்தும் பொத்தானும் இழுத்து விடும் கம்பியும் நிஜமாக இருக்க வேண்டும், இல்லாவிட்டால் கைப்பேசியிலேயே ஆடிவிட்டுப் போகலாமே என்பது அவன் கட்சி.

"இதுக்கு ரெண்டு பீரோ செஞ்சிருந்தா துணியாச்சும் வைக்கலாம்," என்று இன்பராணி ஆரம்பத்தில் சொன்னாள். பிறகு சொல்வதை விட்டுவிட்டாள். ஹாலில் பக்கத்து வீட்டுச் சுவரை ஒட்டி அதற்கு இடமும் ஒதுக்கிக் கொடுத்தாள்.

பக்கத்து வீடு செல்லப்பனுடையது. பெர்மாஸ் ஜெயாவில் அந்த வரிசை வீடுகள் எல்லாம் ஒரே சுவரைப் பங்கிட்டுக்கொண்டு நிற்பவை. செல்லப்பன் துறைமுகத்துக்குக் கண்டெய்னர் லாரி ஓட்டுகிறவர், ஐம்பத்தெட்டு வயது. ராத்திரி ஓட்டிவிட்டுப் பகலில் தூங்குவார். கிரகோரி வாசலில் மெஷினை வைத்துப் பலகை அறுத்த முதல் சனிக்கிழமையே சுவரில் செருப்பால் நாலு அடி விழுந்தது. இரண்டாம் வாரம் வேலியோரம் வந்து நின்று சத்தம் போட்டார். மூன்றாம் வாரம் நகராட்சிக்குப் புகார் எழுதிப் போட்டுவிட்டார். அதிகாரிகள் இரண்டு பேர் வந்து கிரகோரியின் அடையாள அட்டையை வாங்கிப் பார்த்து, குடியிருப்பில் பட்டறை நடத்தக்கூடாது என்று சொல்லிவிட்டுப் போனார்கள். தெருவே வாசலில் நின்று பார்த்தது. அன்றோடு இரண்டு வீட்டுக்கும் பேச்சு நின்றது. பதினொரு மாதமாக ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமலே குப்பை கொட்டிவிட்டு வந்தார்கள். எப்போதாவது இந்தப் பக்கம் ஒரு திருகாணி கீழே விழுந்தால், அந்தப் பக்கத்திலிருந்து செருப்படி மட்டும் பதிலாக வரும்.

அந்தச் சனிக்கிழமை அறுக்கிற வேலையோ அடிக்கிற வேலையோ எதுவும் இல்லை. பொத்தான்களையும் கம்பியையும் சரிசெய்யும் நாள். பெட்டியின் இரண்டு பக்கமும் பதித்த பொத்தான்களிலிருந்து வந்த வயர்களையெல்லாம் உள்ளே ஒரு சின்னப் பலகையில் சேர்த்திருந்தான். இடது பொத்தான் இடது மட்டையைத் தூக்க வேண்டும், வலது பொத்தான் வலது மட்டையை. முதல் முறை அழுத்தியபோது இரண்டும் இடம் மாறி வேலை செய்தன. வயரை மாற்றிச் சொருகினான். இழுத்து விடும் கம்பி பாதி தூரத்திலேயே முழு வேகம் காட்டியது. அதன் அளவைத் திரையில் குறித்துத் திருத்த முக்கால் மணி நேரம் ஓடியது. காதில் ஹெட்போன் மாட்டியிருந்தான். சத்தம் வெளியே போனால்தானே வம்பு.

கடைசியாக மிச்சமிருந்தது ஆட்டம் உணரும் கருவி. நிஜப் பின்பாலில் குண்டு பள்ளத்துக்குள் போகப் பார்த்தால் ஆடுகிறவன் பெட்டியை இடுப்பால் ஒரு இடி இடிப்பான். அளவாக இடித்தால் குண்டு தப்பும். அதிகமானால் ஆட்டமே முடிந்துவிடும். அந்த இடியைக் கண்டுபிடிக்க விரல் நகம் அளவுக்கு ஒரு மின்சில்லைப் பெட்டியின் அடியில் பொருத்தியிருந்தான். திரையில் ஒரு வட்டமும் அதன் நடுவில் ஒரு புள்ளியும் தெரிந்தன. பெட்டியைத் தொட்டால் புள்ளி நகரும், விட்டால் நடுவுக்குத் திரும்பும். எவ்வளவு சின்ன அசைவைக் கணக்கில் எடுக்க வேண்டும் என்று இனிமேல்தான் சொல்லிக்கொடுக்க வேண்டும். அதுவரை அது எல்லாவற்றுக்கும் துள்ளும்.

கையை எடுத்துவிட்டு ஓர் அடி தள்ளி நின்று பார்த்தான். புள்ளி நடுவில் நின்றது. பிறகு துள்ளியது. ஒன்று, இரண்டு, மூன்று. நின்றது.

சமையலறையில் இன்பராணி மிக்ஸி போட்டிருந்தாள். அதுதான் என்று நினைத்தான். மிக்ஸி நின்றது. புள்ளி மறுபடியும் மூன்று முறை துள்ளியது.

பெட்டியின் பின்பக்கம் சுவரைத் தொட்டுக்கொண்டிருந்ததை அப்போதுதான் கவனித்தான். பக்கத்து வீட்டிலிருந்துதான் வருகிறது. அவனுக்குச் சுர்ரென்று ஏறியது. ஹெட்போன் மாட்டிக்கொண்டு, ஆணி கூட அடிக்காமல், மூச்சு விடாமல் வேலை செய்கிறவனுக்கும் செருப்படியா?

பெட்டிக்குள் காயில் என்ற ஒரு மின்சுருள் இருந்தது. இலவச ஆட்டம் கிடைத்தால் இரும்புத் தண்டு ஒன்றைப் பின்பலகையில் 'டமார்' என்று அடிக்கவைக்கும் சாமான். சத்தத்துக்குப் பயந்து அதை இதுவரை சோதித்ததே இல்லை. கிரகோரி அதன் சோதனைப் பட்டனை அழுத்தினான். பலகை அதிர்ந்தது, சுவரும் அதிர்ந்தது. இன்னொன்று. இன்னொன்று. ஏழு முறை அடித்தான். பதினொரு மாதத்தில் இப்படி ஒரு திருப்தி அவனுக்குக் கிடைத்ததில்லை.

"என்னங்க அது?" என்று இன்பராணி கரண்டியோடு வந்தாள்.

"டெஸ்ட்."

"அவரு தூங்குவாருலா. மறுபடியும் லெட்டர் எழுதப் போறாரு."

"எழுதட்டும். தூங்குற ஆளுதான் சொவத்துல அடிச்சிக்கிட்டு இருக்காரா?"

திரையில் புள்ளி வேகமாகத் துள்ளத் தொடங்கியது. ஆறு, ஏழு, எட்டு. பிறகு நின்று, மெதுவாக ஒன்று. கிரகோரி ஹெட்போனைக் கழற்றினான். செல்லப்பன் அடித்தால் ஹாலின் அந்தக் கோடி வரைக்கும் கேட்கும். சிலுவைப்படம் கூட ஆடும். இப்போது காதில் ஒன்றும் விழவில்லை. புள்ளி மட்டும் துள்ளியது.

"அவரு நேத்து ராத்திரி வேலைக்குப் போவலியா?" என்று கேட்டான்.

"காரு நேத்துல இருந்து இங்கதான் நிக்கிது. வெளி லைட்டு ராத்திரி போட்டது, இன்னும் எரியிது. சம்சாரம் செல்வராணிதான் சிங்கப்பூர்ல, மக ஷாமளாவுக்குப் பிள்ளை பொறந்திருக்கு. இவரு தனியா இருக்காரு." பேச்சு இல்லாவிட்டாலும் இன்பராணிக்கு எல்லாம் தெரிந்திருந்தது.

கிரகோரி சுவரில் காதை வைத்தான். தோள் உயரத்தில் ஒன்றுமில்லை. குனிந்தான். பிறகு மண்டியிட்டு, தரையோரம் வைத்தான். அங்கே கேட்டது. கட்டையான, சின்னச் சத்தம். டொக். டொக். ஒரு மூச்சு விட்டு, டொக். தரையிலிருந்து ஒரு சாண் உயரத்தில் யாரும் செருப்பால் அடிக்கமாட்டார்கள்.

"இன்பராணி," என்றான், "அவரு கீழ கெடக்காரு."

வாசலுக்கு ஓடினான். இரண்டு வீட்டுக்கும் நடுவில் இடுப்பளவு மதில், தாண்டிக் குதித்தான். மரக்கதவு பாதி சாத்தியிருந்தது. அதற்கு முன்னால் இருந்த இரும்புக் கிரில் பூட்டியிருந்தது. "செல்லப்பண்ணே! அண்ணே!" என்று கத்தினான். உள்ளே டிவி பேசிக்கொண்டிருந்தது. அதற்கு அடியில் ஒரு முனகல் மாதிரி வந்தது.

"ஆம்புலன்சுக்குப் போன் அடி. இரும்பு அறுக்கிற கிரைண்டரக் குடு, அந்த நீள வயரையும்."

இன்பராணி தோளில் கைப்பேசியை இடுக்கிப் பேசிக்கொண்டே கிரைண்டரை மதிலுக்கு மேல் நீட்டினாள். கிரகோரி அதைப் பூட்டில் வைத்தான். தெரு முழுக்க அந்தச் சத்தம் கிழித்துக்கொண்டு போனது. நெருப்புப்பொறி அவன் முழங்கையில் பட்டது. பூட்டு இரண்டாகும் வரை அது அவனுக்கு உறைக்கவில்லை.

செல்லப்பன் சுவரோரமாகக் கிடந்தார். பக்கத்தில் கால் முறிந்த நாற்காலி ஒன்று. டியூப் லைட்டை மாற்ற அதன்மேல் ஏறியிருக்கிறார். இடது காலை அசைக்க முடியவில்லை. கத்தப் போனால் வலி உயிர் போகிறது என்று சைகையால் காட்டினார். போன் சமையலறையில் சார்ஜில் கிடந்தது. கையில் டிவி ரிமோட்டைப் பிடித்திருந்தார். அதன் மூலை உடைந்து உள்ளிருந்த பேட்டரி வெளியே தெரிந்தது.

"எத்தன மணியில இருந்து அண்ணே?"

"ஏழு... ஏழரை இருக்கும்."

மணி பதினொன்றே கால் ஆகியிருந்தது. கிரகோரி அவரைத் தூக்கப் போகவில்லை. இடுப்பெலும்பு முறிந்தது போலத் தெரிந்தது. தொழிற்சாலையில் முதலுதவி வகுப்புக்குப் போயிருந்தான். தலைக்கு ஒரு துணியை மடித்து வைத்து, உதட்டைக் கொஞ்சம் தண்ணீரால் நனைத்துவிட்டு அருகில் உட்கார்ந்தான். செல்லப்பன் அவன் சட்டையைப் பிடித்தார்.

"நீ திருப்பித் தட்டுனல்ல," என்றார். "அப்பத்தான் உசுரு வந்திச்சி."

கிரகோரி ஆம்புலன்ஸ் வந்துவிட்டதா என்று பார்க்க எழுந்து வாசலுக்குப் போனான்.

அரசு மருத்துவமனையில் இடுப்புக்குக் கம்பி வைத்தார்கள். செல்வராணி அன்று சாயங்காலமே சிங்கப்பூர்ப் பாலம் தாண்டி வந்துவிட்டாள். பார்க்க வந்த ஆட்களிடமெல்லாம் செல்லப்பன் ஒரே கதையைச் சொன்னார்: சத்தமே போட முடியாமல் நாலு மணி நேரம் கிடந்ததும், சுவரில் தட்டியதும், பக்கத்து வீட்டுக் கிரகோரி பதிலுக்குத் தட்டி, 'வர்றேன்' என்று சொன்னதும். தெருவில் நாலு பேர் கிரகோரியை நிறுத்திக் கைகொடுத்தார்கள். கோயிலில் பாதிரியார் பிரசங்கத்துக்கு நடுவில் பெயர் சொல்லாமல் அந்தக் கதையை எடுத்துவிட்டார். கிரகோரி முன்வரிசைக்காரரின் சட்டைக் காலரைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான்.

"உள்ளத சொல்லிருங்க," என்றாள் இன்பராணி, காரில். அவளுக்கு அந்த ஏழு அடியின் கணக்கு தெரியும்.

"சொன்னா என்ன ஆவும்?"

"ஒண்ணும் ஆவாது. நீங்க சாப்புடுவீங்க. ஒரு வாரமா சரியா சாப்புடல."

பன்னிரண்டாம் நாள் செல்லப்பன் வீடு திரும்பினார். இருவரும் ஆப்பிளும் ஹார்லிக்சும் வாங்கிக்கொண்டு போனார்கள். செல்லப்பன் கட்டிலில் சாய்ந்திருந்தார், பக்கத்தில் பிடித்து நடக்கும் நாலு கால் சட்டம். பெண்கள் இருவரும் பின்பக்கம் போனதும் கிரகோரி சொன்னான்.

"அண்ணே, அன்னைக்கி நான் தட்டுனது பதிலுக்கு இல்ல. நீங்க சண்டைக்கித் தட்டுறீங்கன்னு நெனச்சிக் கோவத்துல அடிச்சேன்."

செல்லப்பன் முகத்தில் ஒரு மாற்றமும் இல்லை.

"எனக்குத் தெரியாதுன்னு நெனச்சியா?" என்றார். "அந்த அடி ஆறுதல் சொல்ற அடியா? சொவரு பேத்துக்கிட்டு வந்திரும் போல இருந்திச்சி."

"பெறகு ஏன் எல்லாருகிட்டயும் அப்படிச் சொன்னீங்க?"

"வேற என்னத்தச் சொல்ல? பதினோரு மாசமா செருப்பாலயே அடிச்சிக்கிட்டு இருந்தேன், அதனால விழுந்து கெடந்து தட்டுனப்பவும் சண்டைன்னு நெனச்சிட்டான்னு சொல்லவா? உனக்கும் அசிங்கம், எனக்கும் அசிங்கம்." காலைக் கொஞ்சம் நகர்த்தப் பார்த்து முகம் சுளித்தார். "ஒண்ணு சொல்றேன். நீ அடிச்சப்ப கெட்ட வார்த்தையில திட்டுனேன். ஆனா வீட்டுல ஆளு இருக்குன்னு தெரிஞ்சிச்சி. அது பொய் இல்ல."

"சரிண்ணே."

"லெட்டர் போட்டது தப்புதான். வாயால பேசியிருக்கலாம்."

"நானும் நீங்க தூங்குற நேரம் கேட்டிருக்கலாம்."

செல்வராணி மைலோ கலந்து கொண்டுவந்து வைத்தாள். குடித்துவிட்டு எழுந்தார்கள். அன்று ராத்திரி கிரகோரி இரண்டு தட்டுச் சோறு சாப்பிட்டான்.

அடுத்த சனிக்கிழமை அவன் பெட்டியைச் சுவரிலிருந்து ஒரு முழம் முன்னால் இழுத்து வைத்து, விட்ட வேலையை முடித்தான். கைபட்டால் துள்ளாத அளவுக்கு, இடுப்பால் இடித்தால் மட்டும் நகரும் அளவுக்குப் புள்ளியை அடக்கினான். ஏழு தடவை இடித்துப் பார்த்தான், எட்டாவது தடவைதான் சரியான எண் கிடைத்தது.

பெரிய நட்பு ஒன்றும் வந்துவிடவில்லை. குப்பை கொட்டும்போது தலையசைத்துக்கொண்டார்கள், மழை வந்தால் கொடியில் கிடக்கும் துணியை எடுக்கச் சொன்னார்கள். லாரி ஓட்ட முடியாது என்று டாக்டர் எழுதிக் கொடுத்ததால், செல்லப்பனுக்குக் கம்பெனி கண்டெய்னர் நிறுத்தும் இடத்தில் பகல் வேலை கொடுத்தது. ஊன்றுகோலோடு ஒருநாள் வந்து பெட்டியைச் சுற்றிப் பார்த்தார். கிரகோரி கம்பியை இழுத்து விடச் சொன்னான். மூன்று குண்டும் ஒன்றரை நிமிடத்தில் பள்ளத்துக்குள் போயின.

"இதுக்கா ஒரு வருஷம் அறுத்த?" என்றார் செல்லப்பன்.

கிரகோரி சிரித்துவிட்டு, இன்னொரு ஆட்டத்துக்குப் பட்டனை அழுத்தினான்.