உறைக்குள் போன குதிரை

“உறைக்குள்ள என்ன போட்ட?”

கேஷா கேட்டது அவ்வளவுதான். ஆட்டம் முடியாமல் மறுநாளைக்குத் தள்ளிப் போகும்போதெல்லாம், மேடையை விட்டு இறங்கும் படியிலேயே கேட்டுவிடுவான். பல வருஷப் பழக்கம். வர்வாராவும் கோட்டுக்குப் பொத்தான் போட்டுக்கொண்டே பதில் சொல்லிவிடுவாள். அன்றைக்கும் சொன்னாள்.

“யானையை ஏழாவது வரிசைக்கு ஏத்திட்டேன்.”

அது பொய். மறுநாளைக்கான முதல் நகர்த்தலாக அவள் காகிதத்தில் எழுதி வைத்தது குதிரையை. முன்னால் நின்ற குதிரையை மூலைப் பக்கமாகப் பின்னுக்கு இழுத்திருந்தாள். அந்தக் காகிதம் இப்போது ஒட்டிய உறைக்குள், நடுவரின் இரும்புப் பெட்டியில் இருந்தது. நாளைக் காலை பதினோரு மணிக்கு நடுவர் அதைப் பிரித்து, எழுதியிருக்கிறபடி காயை நகர்த்துவார். ஆட்டம் அங்கிருந்து தொடரும். அதுவரை அந்த நகர்த்தல் அவளுக்கு மட்டும்தான் தெரியும். அவளுக்கும் அவளுடைய பயிற்சியாளரான கேஷாவுக்கும் என்பதுதான் வழக்கம். எதிராளி எந்த நகர்த்தல் என்று தெரியாமல் பத்து வழிகளைத் துழாவிக்கொண்டிருக்க, இவர்கள் இரண்டு பேரும் ஒரே வழியில் ஆழமாகப் போகலாம். உறை வைத்தவருக்குக் கிடைக்கிற ஒரே லாபம் அதுதான்.

ரஷ்யாவின் இவானொவோ நகரத்தில், நெசவாலைக்காரர்களின் கலாசார மாளிகையில் பெண்களுக்கான தேசிய செஸ் போட்டி நடந்தது. கடைசிச் சுற்று அது. இந்த ஆட்டத்தை ஜெயித்தால் வர்வாராவுக்கு முதலிடம். முதலிடம் வந்தவள்தான் உலகப் பட்டத்துக்கு யார் மோதுவது என்று முடிவு செய்கிற போட்டிக்குப் போவாள். டிரா ஆனால் அந்த இடம் எதிரே உட்கார்ந்திருந்த நினேலுக்கு. வர்வாராவுக்கு முப்பத்தொன்பது வயது. இருபது வயதில் எல்லோரும் அவளைப் பார்த்து, போகிறாள் பார் வருங்கால சாம்பியன் என்றார்கள். அப்புறம் மூன்று தடவை இரண்டாம் இடம். இப்போது அதே ஆட்கள், வர்வாரா ஸ்திபானவ்னா எப்போதும் நன்றாகத்தான் ஆடுவார் என்கிறார்கள். அந்த ‘எப்போதும்’ அவளைக் குத்தியது. கீழேயிருந்து பதினேழு வயதுப் பெண்கள் ஏறி வந்துகொண்டிருந்தார்கள். அடுத்த தடவை என்று ஒன்று இல்லை என்பதை அவளுக்கு யாரும் சொல்ல வேண்டியதில்லை.

பொய் சொல்ல ஒரு காரணம் இருந்தது. போன வருஷம் பெர்ம் நகரத்தில், இதே நினேலோடு ஆடிய ஆட்டம் இதே மாதிரித் தள்ளிப் போனது. அன்றைக்கு அவள் உறையில் போட்டது ராஜாவின் ஒரு விசித்திரமான நகர்த்தல். கேஷாவிடம் மட்டும் சொன்னாள். மறுநாள் நடுவர் உறையைப் பிரித்துக் காயை வைத்ததும், நினேல் நாற்காலியைக்கூட முன்னுக்கு இழுக்காமல் பதில் ஆடிவிட்டாள். தெரிந்து வைத்திருந்தவள் ஆடுகிற வேகம் அது. வர்வாரா அந்த ஆட்டத்தில் தோற்றாள்.

அதற்குப் பிறகு ஒருநாள், விளையாட்டுக் கமிட்டியிலிருந்து வந்த ஓர் அம்மாள் சிற்றுண்டிச் சாலையில் அவள் காதோரம் குனிந்து, “உன் ஆளு யாரோட உக்காந்து டீ குடிக்கிறான்னு பாத்தியா?” என்றாள். கேஷா நினேலின் கணவனோடு உட்கார்ந்து சிரித்துக்கொண்டிருந்தான். நினேலுக்குப் பயிற்சியாளரும் அந்தக் கணவன்தான். கேஷாவும் அவனும் சின்ன வயசில் ஒரே செஸ் வகுப்பில் படித்தவர்கள். இதெல்லாம் வர்வாராவுக்கும் தெரிந்ததுதான். இருந்தும் அந்தக் கேள்வி செருப்புக்குள் போன சின்னக் கல்லைப் போல ஒரு வருஷமாகக் கூடவே நடந்து வந்தது.

கேஷா நல்ல ஆட்டக்காரன். அவளுக்காக ஓடி ஓடியே அவனுடைய சொந்த ஆட்டம் நின்றுபோனது. இந்த மாதம்கூட ஓம்ஸ்க் நகரத்தில் ஒரு போட்டிக்கு அவனை அழைத்திருந்தார்கள். வர முடியாது என்று தந்தி கொடுத்துவிட்டு இவானொவோவுக்கு வந்தான்.

அன்று சாயங்காலம் ஓட்டல் அறையில், கேஷா கறுப்பு ரொட்டியையும் மீன் டப்பாவையும் ஓரத்துக்குத் தள்ளிவிட்டுப் பலகையை விரித்தான். வெளியே வருஷத்தின் முதல் பனி விழுந்துகொண்டிருந்தது. அவன் ஜன்னல் பக்கம் திரும்பவேயில்லை. யானையை ஏழாவது வரிசையில் வைத்தான். கைகளைத் தேய்த்துக்கொண்டான்.

“இதுக்கு மேல நினேலுக்கு மூச்சு முட்டும் பாரு” என்றான்.

எதிராளி இப்படி ஆடினால் இது, அப்படி ஆடினால் அது என்று ஒவ்வொரு கிளையாக இறங்கிப் போனான். சந்தோஷமாகப் பாடிக்கொண்டே போனான். பாட்டு என்றால் ஒரே வரிதான், அதையும் சுருதி இல்லாமல். வர்வாரா எதிரே உட்கார்ந்து, நடக்கவே போகாத ஓர் ஆட்டத்துக்குத் தலையாட்டிக்கொண்டிருந்தாள். மனசு முழுக்க மூலைக் குதிரையிடம் இருந்தது. அதைப் பற்றி அவள் யோசிக்க வேண்டும். ஆனால் அவன் எதிரே இருக்கும்வரை யோசிக்க முடியாது. யோசித்தால் முகத்தில் தெரிந்துவிடுமோ என்று பயமாக இருந்தது.

ஒரு தடவை அவனே அதைத் தொட்டான். யானையைப் பழைய இடத்தில் வைத்துவிட்டுக் குதிரையைக் கையில் எடுத்தான்.

“இதப் பின்னால இழுத்துப் பாத்தியா?”

“எழுதாதத இப்ப எதுக்குப் பாக்கணும்?”

“சும்மாதான். அப்படிப் போனா அவ ஓரத்துச் சிப்பாயத் தூக்கிக் குடுப்பா. ரொம்ப அழகா இருக்கும். அதுக்கு அப்புறம் நாம—”

“கேஷா, டீ ஆறுது.”

அவன் குதிரையைத் திரும்பப் பழைய கட்டத்தில் வைத்தான். டீயை எடுத்துக்கொண்டான். ‘அதுக்கு அப்புறம் நாம’ என்பதோடு அந்தப் பேச்சு நின்றுபோனது. கேட்டால் சொல்லியிருப்பான். கேட்டால் அவளுடைய பொய் வெளியே வந்துவிடும்.

விடியற்காலை அவள் தனியாகப் பலகையை எடுத்தாள். ஓரத்துச் சிப்பாயை நினேல் பலி கொடுப்பதுபோல் வைத்துப் பார்த்தாள். தன் பக்கத்திலிருந்து அதை வெட்டினாள். வெட்டியபின் எல்லாம் தனக்குச் சாதகமாகத்தான் தெரிந்தது. எங்கேயோ ஓட்டை இருக்கிறது என்றும் தோன்றியது. அதைத் தேட நேரம் போதவில்லை. நேற்றைய சாயங்காலம் முழுக்க வேறோர் ஆட்டத்துக்குப் போய்விட்டது.

காலையுணவுக்கு இறங்கியபோது கேஷா ஏற்கனவே அங்கே இருந்தான். கண் சிவந்திருந்தது. அவளுக்காகத் தினமும் கொண்டுவருகிற பிளாஸ்கில் டீ ஊற்றிக்கொண்டிருந்தான். அதில் எலுமிச்சைத் துண்டைப் போட்டு மூடியை இறுக்கினான்.

“எல்லாக் கதவையும் அடைச்சாச்சு வர்வாரா. ஏழாவது வரிசைல உன் யானை போய் உக்காந்தா, அவ எங்க ஓடினாலும் பிடிச்சுடலாம். நான் தூங்கவே இல்ல, ஆனா பாரு, எனக்குப் பசிக்குது.”

இரண்டு தட்டு கோதுமைக் கஞ்சியைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டான். அவனுடைய அந்தப் பசியைப் பார்த்ததும் அவளுக்கு எல்லாவற்றையும் சொல்லிவிட வேண்டும் போல இருந்தது. இன்னும் இரண்டு மணி நேரம் இருக்கிறது. சொன்னால் இரண்டு பேருமாக உட்கார்ந்து பார்த்துவிடலாம். அவள் கரண்டியைக் கீழே வைத்தாள். “கேஷா, நேத்து நான்…” என்று ஆரம்பித்தாள்.

அந்த நேரம் பார்த்து நினேலின் கணவன் அந்தப் பக்கமாக வந்தான். போகிற போக்கில் கேஷாவின் தோளில் தட்டி, கஞ்சி மிச்சம் வை என்றான். தோற்கப் போறவங்களுக்கு வயிறு நிறையக் கூடாது என்று கேஷா திருப்பிச் சொல்லிச் சிரித்தான். நினேலின் கணவனும் சிரித்தான். அந்தச் சிரிப்பு வர்வாராவின் வாயை மூடிவிட்டது.

“என்ன சொல்ல வந்த?” என்றான் கேஷா.

“ஒண்ணுமில்ல. சரியாத் தூக்கம் வரல.”

பதினோரு மணிக்கு நடுவர் உறையைப் பிரித்தார். காகிதத்தை ஒரு தடவைக்கு இரண்டு தடவையாகப் பார்த்துவிட்டு, குதிரையை எடுத்து மூலைப் பக்கம் வைத்தார். கடிகாரத்தைத் தட்டினார். மேடைக்குப் பின்னால் தொங்கிய பெரிய சுவர்ப் பலகையிலும் குதிரை பின்னால் போனது.

வர்வாரா பார்க்கக் கூடாது என்றுதான் நினைத்தாள். ஆனாலும் கண் மூன்றாவது வரிசைக்குப் போய்விட்டது. கேஷா சுவர்ப் பலகையைப் பார்த்தான். ஏதோ தவறுதலாக மாட்டிவிட்டார்கள் என்பது போல மேடையில் இருந்த பலகையைக் கழுத்தை நீட்டிப் பார்த்தான். பிறகு நடுவரைப் பார்த்தான். நடுவர் அமைதியாக நின்றிருந்தார். கடைசியாகத்தான் அவளைப் பார்த்தான். கோபமாகப் பார்த்திருந்தால் அவளால் தாங்கியிருக்க முடியும்.

அவள் பலகைக்குத் திரும்புவதற்குள் நினேல் ஓரத்துச் சிப்பாயை முன்னால் தள்ளிவிட்டிருந்தாள். யோசிக்கவேயில்லை. பெர்மில் ஆடிய அதே வேகம்.

அப்போதுதான் வர்வாராவுக்கு உறைத்தது. இந்த முறை கேஷாவுக்குக்கூடத் தெரியாது. உலகத்தில் யாருக்கும் தெரியாது. அப்படியிருந்தும் நினேல் தயாராக இருந்தாள்.

வர்வாரா வெகுநேரம் யோசித்தாள். விடியற்காலையில் யோசித்ததற்கு மேல் ஒன்றும் கிடைக்கவில்லை. சிப்பாயை வெட்டினாள். நினேல் அடுத்தடுத்து ஆடிக்கொண்டே போனாள். கொஞ்ச நேரத்தில் பலகையில் ஜெயிப்பதற்கான காய்களே மிச்சமில்லை. வர்வாரா டிரா கேட்டாள். நினேல் கை நீட்டினாள். சபையில் கைதட்டல் எழுந்தது. அது அவளுக்கு இல்லை.

ஆட்டம் முடிந்ததும் இரண்டு பேரும் உட்கார்ந்து அதையே திரும்ப ஆடிப் பார்ப்பது வழக்கம். நினேல் காய்களை அடுக்கினாள். முகமெல்லாம் பூரிப்பு.

“உனக்கு எப்படித் தெரிஞ்சுது?” என்று கேட்டாள் வர்வாரா.

“எது, குதிரையா?” நினேல் கொஞ்சம் தயங்கினாள். பிறகு, இனிமேல் சொன்னால் என்ன என்பது போலத் தோளைக் குலுக்கினாள். “உனக்கு யாருமே சொன்னதில்லையா? நீ எழுதும்போது கையால காகிதத்த மறைப்ப. கண்ண மறைக்க மாட்ட. எந்தக் கட்டத்துக்குப் போகப்போறியோ, அதையே பாத்துக்கிட்டு எழுதுவ. போன வருஷம் ராஜா. நேத்து மூலைக் கட்டம். முன்வரிசைல உக்காந்து என் புருஷன் பாத்தாரு. ராத்திரி அந்த ஒண்ணத்தவிர வேற எதையும் நாங்க தொடல.”

“கேஷாவும் அங்கதான உக்காந்திருந்தான். அவனுக்கு மட்டும் எப்படித் தெரியாமப் போச்சு?”

“அவன் பலகையப் பாப்பான். உன்ன எதுக்கு வேவு பாக்கணும்? கேட்டா நீயே சொல்லப்போற.”

படியில் காலடிச் சத்தம் கேட்டது. கேஷா மேடைக்கு ஏறி வந்துகொண்டிருந்தான். கையில் பிளாஸ்க். அதை அவள் பக்கம் மேஜையில் வைத்தான். குனிந்து, கேட்காமலே காய்களை நேற்றைய இடங்களுக்கு நகர்த்தினான். குதிரையைப் பின்னால் இழுத்தான். நினேலின் ஓரத்துச் சிப்பாயை முன்னால் தள்ளினான். வர்வாரா வெட்டிய அந்தச் சிப்பாயை அவன் வெட்டவில்லை. வர்வாராவின் ராஜாவை மட்டும் ஒரு கட்டம் பக்கத்தில் நகர்த்தி, விரலை எடுத்துக்கொண்டான்.

மூன்று பேரும் பலகையைப் பார்த்தார்கள். அந்த ஒரு கட்டத்தில் நினேலின் வழிகளெல்லாம் அடைபட்டுப் போயிருந்தன. சிப்பாயும் எங்கேயும் தப்பாது, அப்புறம் மெதுவாக எடுத்துக்கொள்ளலாம்.

“அட, இத நாங்க பாக்கவே இல்லையே” என்றாள் நினேல், சின்னக் குரலில்.

வர்வாரா நிமிர்ந்தாள். “கேஷா, நான் நெனச்சது…” என்றாள். மீதி அவனுக்குத் தேவைப்படவில்லை என்று தெரிந்தது. அவன் அவளுடைய வெள்ளைக் காய்களை ஒவ்வொன்றாக எடுத்து ஆட்டத்தின் தொடக்கத்தில் நிற்கிற மாதிரி அடுக்கினான். குதிரைகளை மட்டும் முகம் அவள் பக்கம் இருக்கும்படி திருப்பி வைத்தான். அவளுக்கு அப்படித்தான் பிடிக்கும், எப்போதும் அவன்தான் திருப்பி வைப்பான்.

பிறகு தொப்பியைப் போட்டுக்கொண்டான். படியில் இறங்கி, காலி நாற்காலிகளுக்கு நடுவே நடந்து, கதவைத் தள்ளிக்கொண்டு பனிக்குள் போனான்.