பெருக்க மரத்தின் ஐந்து கிளைகள்

தம்பிக்கு வாய் கோணி வலது கை விழுந்துபோன ஐந்தாம் நாள், அக்கா அவன் வீட்டுச் சாவியை வாங்கிக்கொண்டு மரங்களுக்குத் தண்ணீர் ஊற்றப் போனாள்.

அவன் பல் செட் செய்கிறவன். நாற்பத்துநான்கு வயது, கல்யாணம் ஆகவில்லை. "மச்சான் பொண்ணு பார்க்கப் போனாலும் அந்த வீட்டுத் தொட்டியைத்தான் பார்த்துட்டு வருவான்" என்பார் அவள் கணவர். பால்கனி முழுக்கத் தொட்டியில் குள்ளமாக வளர்க்கும் போன்சாய், எல்லாம் ஆப்பிரிக்க மரங்கள். குடை போல விரிந்த வேல மரம் ஒன்று, காட்டு ஒலிவம் இரண்டு, நடுவில் அவனுடைய செல்லமான பெருக்க மரம். சொந்த மண்ணில் பத்துப் பேர் கைகோத்தாலும் அணைக்க முடியாமல் பருக்கும் மரம் அது. இங்கே சாப்பாட்டுத் தட்டு அகலத் தொட்டியில் முழங்கை உயரம் நின்றது. விதை போட்டுப் பதினெட்டு வருஷம். வேரை வெட்டி, நுனியைக் கிள்ளி, ஐந்தே ஐந்து கிளைகளை மட்டும் விட்டு, ஒவ்வொன்றிலும் அலுமினியக் கம்பியைச் சுற்றி உள்நோக்கி வளைத்திருந்தான்.

தம்பிக்கு ஆறுதலாக இருக்கட்டும் என்று அதைப் போனில் படம் எடுத்தாள்.

அக்காவுக்கு மூக்குக் கண்ணாடிக் கடையில் வேலை. லென்ஸ் அரை மில்லிமீட்டர் தள்ளியிருந்தாலும் கண்ணிலேயே பிடித்துவிடுவாள். அதனால்தான் ஆஸ்பத்திரியில் போனை அவன் முகத்தருகே நீட்டியபோது அது அவள் கண்ணில் பட்டது. போர்வைமேல் அவன் வலது கை சுருண்டு கிடந்தது. ஆள்காட்டி விரல் நேராகப் போய், இரண்டாம் கணுவில் மடங்கி, இடப்பக்கம் சாய்ந்திருந்தது. படத்தில் இரண்டாவது கிளையும் அப்படியே. கட்டை விரலும் அப்படித்தான். சுண்டு விரலும்.

தம்பி படத்தைப் பார்த்தான், கையைப் பார்த்தான். கண்ணில் நீர் முட்டியது.

"கம்பி... அவுத்துடுக்கா" என்றான் குழறலாக.

"எதுக்குடா?"

"வலிக்குது."

"எங்கே வலிக்குது?"

அவன் இடது கையால் படத்தைத் தொட்டான்.

சனிக்கிழமை காலை, கடையிலிருந்து கொண்டுவந்த சின்ன வெட்டுக்குறடோடு அவள் தொட்டியின் முன் உட்கார்ந்தாள். கம்பியைப் பிரித்தால் கிளை ஒடிந்துவிடும் என்று துண்டு துண்டாக நறுக்கி எடுத்தாள். முதல் கிளை முடிந்தபோது போன் அடித்தது. ஆஸ்பத்திரியில் துணைக்கு இருந்த கணவர்.

"ஏய், உன் தம்பி கட்டை விரலை நீட்டிட்டான்! நர்ஸெல்லாம் ஓடி வந்து பார்க்கிறாங்க!"

"எப்போ?"

"இப்போதான், இந்த நிமிஷம்."

அவள் போனை ஸ்பீக்கரில் போட்டுத் தொட்டியருகே வைத்தாள். "போனை வைக்காதீங்க. அவன் கையையே பார்த்துக்கிட்டு இருங்க."

"என்னத்தைப் பார்க்கிறது?"

அவள் இரண்டாவது கிளையில் குறடை வைத்தாள். கடைசிச் சுற்று விழுந்தபோது அவர், "அடுத்த விரல்" என்றார். மூன்றாவதுக்கும் சொன்னார். நான்காவதுக்கு, "நீ அங்கே என்ன செய்யுற?" என்று மட்டும் கேட்டார். அவர் குரலில் கிண்டலே இல்லை.

ஐந்தாவது கிளையில் கம்பி தெரியவில்லை. பட்டை அதை விழுங்கியிருந்தது. இரண்டு முனைகள் மட்டும் வெளியே நீட்டிக்கொண்டிருந்தன. ஒன்றைக் குறடால் பிடித்து லேசாக இழுத்தாள்.

போனில் தம்பி அலறினான்.

அவள் குறடைக் கீழே வைத்துவிட்டாள்.

நரம்பு திரும்பும்போது இப்படியெல்லாம் ஆவது உண்டு என்றார் டாக்டர். சுண்டு விரலை மட்டும் எதிர்பார்க்க வேண்டாம் என்றார். வீட்டுக்கு வந்த தம்பி, மரத்துக்கு எதிரே நாற்காலி போட்டு வெகுநேரம் உட்கார்ந்திருந்தான்.

"அந்தக் கிளையையே வெட்டிடலாமாக்கா? தொல்லை விட்டுச்சு."

"வாயை மூடுடா. அப்புறம் ஒன்பது விரலோட நிப்பே."

அவன் சிரித்தான். அவள் சிரிக்கவில்லை. அவள் கணவர் அதற்குப் பிறகு அந்தப் பால்கனியில் கால் வைக்கவே இல்லை.

குளிர் வந்ததும் பெருக்க மரம் இலையை உதிர்த்தது. அது அதன் வழக்கம். அந்த மாதங்களில் அதற்குத் தண்ணீர் காட்டக் கூடாது. தம்பி வேலைக்குப் போய் வந்துகொண்டுதான் இருந்தான். ஆனால் அவள் கட்டிக்கொடுத்த சாப்பாடு தொடாமலே திரும்பி வந்தது. "பசிக்கல. தாகமும் எடுக்கல" என்றான், ஏதோ நல்ல செய்தி போல. விடுமுறை நாளில் பகல் முழுக்கத் தூங்கினான். மெலியவும் இல்லை. அதுதான் அவளைப் பயமுறுத்தியது.

குளிர் போய் வெயில்காலம் தொடங்கியதும் ஒரு மத்தியானம் போன் செய்தான். "மரம் துளிர்த்திருக்குக்கா. புதுசா ஒரு கிளை. நான் விட்டது இல்லை, அதுவாவே வந்திருக்கு."

"எங்கே?"

"அடியில. இடது பக்கம்."

"உனக்கு எப்படி இருக்கு?"

"நல்லாத்தான் இருக்கேன்." பிறகு மெதுவாக, "இடது விலாவுல என்னவோ தட்டுப்படுது" என்றான்.

"அதைக் கிள்ளிடாதே. நான் வர்றேன்."

மறுநாள் டாக்டர் விலாவை அழுத்திப் பார்த்தார். வெறும் கொழுப்புக்கட்டி, ஒன்றும் செய்யாது என்றார். "வேணும்னா எடுத்துடலாம்."

"வேண்டாம்!" என்றார்கள் இருவரும் ஒரே குரலில். டாக்டருக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

பேருந்து நிறுத்தத்தில் தம்பி கேட்டான்: "அக்கா, பேசாம தரையில நட்டுடலாமா? அதும்பாட்டுக்கு வளரட்டும். எனக்கே பாவமா இருக்கு."

அந்த மரம் எவ்வளவு வளரும் என்று அவளுக்குத் தெரியும். அவனை மேலிருந்து கீழாக ஒருமுறை பார்த்தாள்.

"இப்போதைக்கு ஒரு அளவு பெரிய தொட்டி போதும்" என்றாள்.

அன்று மாலையே வாங்கினார்கள். புது மண்ணை நிரப்பி, வேரில் ஒரு நுனியைக்கூட வெட்டாமல், இருவருமாகத் தூக்கி வைத்தார்கள். தண்ணீர் ஊற்றியதும் தம்பி கண்ணை மூடி, பெருமூச்சு விட்டான்.

"அப்பாடா" என்றான்.